சாடைப் பேச்சுக்கு ‘சஜஸ்டிவ்லி’ எழுதாதீர்கள்

கேள்வி: வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கடன் வாங்கிய ஒருவர் வட்டியைக் குறைக்கும்படி நேராகக் கேட்காமல் சாடையாகப் பேசிவிட்டுப் போனார். ஆங்கிலக் குறிப்பில் அவர் ‘சஜஸ்டிவ்லி’ பேசியதாக எழுதினேன். மேலாளர் அதை அடித்துவிட்டு ‘அப்ளீக்லி’ என்று திருத்தினார். மொபைல் அகராதியில் இரண்டுக்கும் ‘மறைமுகமாக’ என்றுதானே போட்டிருக்கிறது?

பதில்: மேலாளர் திருத்தியது சரி. ஒருவர் ‘சஜஸ்டிவ்லி’ பேசினார், சிரித்தார் என்றால் இன்றைய ஆங்கிலத்தில் முதலில் தோன்றுவது காமக் குறிப்புதான். கோப்பைப் படிக்கிறவர், அந்தக் கடன்காரர் உங்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்றே நினைப்பார். பாவம், அவர் கேட்டது வட்டிக் குறைப்பு.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. திருக்குறளில் 71ஆம் அதிகாரமும் ‘குறிப்பறிதல்’, 110ஆம் அதிகாரமும் ‘குறிப்பறிதல்’. முன்னது அரசவையில் பிறர் மனத்தை அறிவது, பின்னது காதலியின் பார்வையை அறிவது. ஒரே சொல்லை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் சொல்லையே மாற்றியாக வேண்டும்.

‘அப்ளீக்லி’க்கு மூலமான லத்தீன் சொல்லுக்குச் ‘சாய்ந்த’ என்று பொருள். நேரே வராமல் பக்கவாட்டில் வரும் பேச்சு. ‘ஹி ரெஃபர்ட் அப்ளீக்லி டு த டிலே’ என்றால், தாமதத்தைப் பற்றிப் பட்டும் படாமலும் சொன்னார். எழுத்தில் க்யூ, யூ இருப்பதைப் பார்த்து ‘அப்ளிக்வெலி’ என்று படிக்காதீர்கள். குத்தலாகப் பேசினால் ‘இன்சினுவேட்டிங்லி’. அதில் பழி போடும் வாடை உண்டு, உங்கள் இடத்துக்குப் பொருந்தாது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். ‘அப்ளீக்’ என்ற சொல் எங்கே வந்தாலும் சாடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘அப்ளீக் ஃபிராக்சர்’ என்று இருந்தால் எலும்பு சாய்வாக முறிந்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. வயிற்றின் பக்கவாட்டுத் தசைக்கும் இதே பெயர். கோப்பு எண்ணைப் படிக்கும்போது சாய்கோட்டை ‘ஆப்ளிக்’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். பொருளைப் பற்றி வந்தால் சாய்வு, பேச்சைப் பற்றி வந்தால் சாடை.

அகராதிச் செயலியைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அது பாதிப் பொருளைத்தான் காட்டும். எனக்குக் கோபம் வருவது ‘முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்’ என்று பணம் வாங்கிக்கொண்டு, ‘மறைமுகமாக’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஆறேழு சொற்களை அச்சடித்துக் கொடுப்பவர்கள் மீது. ஒன்றுக்குக்கூட வாக்கியம் இருக்காது. அந்தத் தாளுக்குக் காசு கொடுக்காதீர்கள். போட்டித் தேர்வுகளும் இதற்குத் துணை போகின்றன: இணைச்சொல்லைத் தேர்ந்தெடு, ஒரு மதிப்பெண். அந்தச் சொல்லை யாரிடம், எந்தக் காகிதத்தில் எழுதலாம் என்று எந்தத் தேர்வு கேட்கிறது? வேலைக்கு வந்த பிறகு உங்களைப் போன்றவர்கள்தான் மாட்டிக்கொள்கிறீர்கள்.

சரி, உங்கள் குறிப்புக்கு வருவோம். அங்கே ‘அப்ளீக்லி’ தவறில்லை, ஆனால் அதுகூடத் தேவையில்லை. ‘ஹின்ட்’ என்ற வினையிலேயே சாடை இருக்கிறது. ‘த கஸ்டமர் ஹின்டட் தட் ஹி வான்டட் எ லோயர் இன்ட்ரஸ்ட் ரேட்’ என்று எழுதுங்கள். அடுத்த வரியில், எழுத்து மூலம் கோரிக்கை எதுவும் தரவில்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.