பத்தமடை பாய் வியாபாரி விளையாட்டு: தாவும் பொத்தான் வேண்டாம்

பத்தமடையிலிருந்து முக்கூடல் வரை பாய்க்கட்டைச் சுமந்து செல்லும் உங்கள் வீடியோ விளையாட்டில் நடை அலுப்பூட்டுவதாகச் சோதித்தவர்கள் சொல்கிறார்கள், ஊர்விட்டு ஊர் தாவும் பொத்தான் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள், முதல் பாதியிலாவது. 2011-ல் வந்த டார்க் சோல்ஸ் என்ற வீடியோ விளையாட்டு, ஏறத்தாழப் பாதி ஆட்டம் வரை ஆட்டக்காரரை நடந்தே போக வைத்தது. அதனால்தான் அதன் வழிகள் மனத்தில் அப்படிப் பதிந்தன. 1996-ல் ரெசிடென்ட் ஈவில் என்ற விளையாட்டு, ஆட்டத்தைச் சேமிப்பதற்கே, குறைவாகவே கிடைக்கும் தட்டச்சுப்பொறி மை நாடாவைக் கேட்டது. எங்கே சேமிப்பது என்பதே நெஞ்சு படபடக்க எடுக்கும் முடிவானது.

உங்கள் குறை தூரத்தில் இல்லை. வழியில் முடிவெடுக்க எதுவுமே இல்லை, அதுதான் குறை. தாமிரபரணியைக் குறுக்கே வையுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இறங்கிக் கடந்தால் நேரம் மிச்சம், ஆனால் கட்டின் அடிப்பாய் நனைந்து பாதி விலைக்குத்தான் போகும். பாலம் வழியாகச் சுற்றினால் கடையை அடைத்துவிடுவார்கள். அப்போது யாரும் நடையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒவ்வொரு பாயை விற்கும்போதும் 'உறுதியா?' என்று இருமுறை கேட்கும் பெட்டியை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள், அது வெறும் தொல்லை. சுமை இறங்கியபின் திரும்பும் நடையையும் வேகமாக்குங்கள்.