தாத்தா பாட்டியையும் பார்த்துக்கொண்டு, கோடை விடுமுறையில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் எண்பதை ஒட்டிய தாத்தாவும் பாட்டியும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. வெளியூர்ப் பயணத்துக்கு வழியில்லை. பக்கத்தில் இருக்கும் இடங்களுக்காவது எல்லோருமாகப் போய்வர முடியுமா, இல்லை பெரியவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதா?

எல்லோருமாகப் போகலாம். ஆனால் எந்த இடம் என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அங்கே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதை.

விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மாமனாருக்கு முழங்கால் தேய்மானம், காதில் கருவி. மாமியாருக்குக் கால் வீக்கம், அதற்கு தினமும் காலையில் நீர் மாத்திரை, அதாவது உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. எங்கே கூப்பிட்டாலும் அத்தை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் எதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க." வெளியில் போகப் பிடிக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஒருநாள் கிளம்பும் நேரத்தில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி, உதட்டில் வைத்து, குடிக்காமலே மூடித் திருப்பிக் கொடுத்தார். காலையிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. வழியில் அடக்க முடியாமல் போய்விட்டால் பேரப்பிள்ளைகள் முன்னால் மானம் போகுமே என்ற பயம். அதை மருமகளிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம்.

இதில் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. வயதாக ஆகத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். சிறுநீரகம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறனும் குறையும். போதாததற்கு நீர் மாத்திரை வேறு. அப்படிப்பட்டவர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பினால், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். அதனால் இப்போதெல்லாம் நான் "அத்தை, வர்றீங்களா?" என்று மட்டும் கேட்பதில்லை. "வாசலை ஒட்டியே பாத்ரூம் இருக்கு, மேலைநாட்டு மாதிரி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கு, போனதும் முதலில் அங்கேதான் போகிறோம்" என்று சேர்த்துச் சொல்கிறேன். பாதி மறுப்பு அதிலேயே கரைந்துவிடும். மீதிப் பாதிக்கு, பையில் ஒரு மாற்று உடையும் பெரியவர்களுக்கான டயப்பரும் இருக்கின்றன என்பதை யாருக்கும் கேட்காமல் அவர் காதில் மட்டும் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது தேவைப்படாது. பையில் இருக்கிறது என்று தெரிந்தாலே தண்ணீர் குடிப்பார்.

நீர் மாத்திரையின் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஃபுரோசமைடு வகை மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். முதல் இரண்டு மணி நேரம்தான் நெருக்கடி. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் வேகம் அடங்கும். வெளியே போகும் நாளில் நேரத்தை முன்பின் மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர் தானாகவே அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடும்படி மட்டும் ஆகக் கூடாது. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு சொல்லியிருப்பார்கள். அவரை "நிறைய குடிங்க" என்று நச்சரிப்பதும் தவறு.

பாத்ரூமுக்கு அடுத்தது உட்கார இடம். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியவர்களிடம் கேட்டறிந்து, முதியோருக்கு இசைவான நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அந்தப் பட்டியலில் வெளியிடங்களில் போதிய இருக்கைகளும் சுத்தமான பொதுக் கழிப்பறைகளும் இருக்கின்றன. பெரிய பெரிய விஷயங்களைக் கேட்பார்கள் என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் கேட்பது ஒரு பெஞ்சு. அதுவும் முதுகு சாய இடமும், எழுந்திருக்கும்போது கையை ஊன்றப் பிடியும் உள்ள பெஞ்சு. பூங்காக்களில் இருக்கும் தாழ்வான திண்டில் உட்கார்ந்தால் மாமா எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும். நாங்கள் இப்போது மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறோம்.

நடையைப் பற்றி ஒரு கணக்கு. பல நாடுகளில் சாலை கடக்கும் விளக்கின் நேரத்தை, ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் அமைக்கிறார்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர் 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது. 12 மீட்டர் அகலச் சாலையை நாம் 10 நொடியில் தாண்டினால் அவருக்கு 15 நொடி. நாம் "கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லும் தூரத்தையெல்லாம் இப்படி ஒன்றரை மடங்காக்கிப் பார்த்தால் பாதி சண்டை வராது. வீல்சேர் எடுப்பதென்றால் சாய்தளம் எவ்வளவு நீளம் என்று கவனியுங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் ஒருவர் தனியாகத் தள்ளமுடியும். அதைவிடச் செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பி, நீங்கள் முன்னால் பின்நடையாக இறங்கி, அதைப் பின்னால் இறக்குங்கள். நேராகத் தள்ளினால் உட்கார்ந்திருப்பவர் முன்பக்கம் சரிவார். "வீல்சேர் வசதி உண்டு" என்று போட்டிருக்கும் சில இடங்களில் வாசலில் ஒரு படி மட்டும் மிச்சமிருக்கும். அந்த ஒரு படிக்காகத்தான் முன்கூட்டிப் போன் செய்து கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, எங்கே போவது? என் அனுபவத்தில் மிருகக்காட்சி சாலை முதியவர்களோடு போவதற்கு மோசமான தேர்வு. நடை ஏராளம், நிழல் சொற்பம், மிருகம் தூங்கிக்கொண்டிருக்கும். மீன் காட்சியகம் அதைவிட மேல். கோளரங்கம் குளுகுளுவென்று சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் இருட்டில் படியிறங்கக் கூடாது, முடிந்ததும் எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு மெதுவாக எழ வேண்டும். நூலகம், அருங்காட்சியகம், விடியற்காலை ஏரிக்கரை, ரயிலில் ஏறி அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள் போய் அப்படியே திரும்புவது, இவையெல்லாம் எங்களுக்குச் சரிப்பட்டன. ரயில் பயணத்தில் பாட்டி உட்கார்ந்தே ஊர் பார்க்கலாம், சின்னவனுக்கு ஜன்னல். தளத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் ஒரு கை பிடித்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே ஒரு மூலையில், சுற்றிப் பேசும் பழைய கறுப்புத் தொலைபேசியைத் தொட்டுப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். சின்னவன் ஓட்டைக்குள் விரலை விட்டு அழுத்து அழுத்தென்று அழுத்துகிறான். மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அமுக்குறது இல்லடா, சுத்தணும். சுத்தி விட்டுடு, அது திரும்பி வரும்போதுதான் நம்பர் போகும்" என்று காட்டினார். ஒன்றுக்கு ஒரு துடிப்பு, இரண்டுக்கு இரண்டு, பூஜ்யத்துக்குப் பத்து. அதனால்தான் பூஜ்யத்தைச் சுற்றினால் திரும்பி வர அவ்வளவு நேரம் என்று அவர் சொன்னதும், பையன் ஒவ்வொரு எண்ணாகச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான். அடுத்த அறையில் எழுத்துகள் பொடியாக இருந்தன. மாமாவுக்கு வாசிக்க முடியவில்லை, பேரன் வாசித்தான், தாத்தா விளக்கினார். நான் ஒரு பக்கமாக நின்றுகொண்டேன். வீட்டில் நாளெல்லாம் அவருக்கு நாம்தான் செய்துகொடுத்துக்கொண்டே இருக்கிறோம். மாத்திரை எடு, தண்ணீர் கொண்டு வா, மெல்ல நட என்று. அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத ஒன்று இருக்கும் இடமாகப் பார்த்துக் கூட்டிப் போனால் கதையே வேறு.

சத்தமான இடங்களைத் தவிர்க்கிறோம். முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். ச, த, க போன்ற மெய்யொலிகள் நழுவிவிட, பேச்சு காதில் விழும், சொல் புரியாது. இரைச்சல் உள்ள இடத்தில் காதுக் கருவி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால்தான் பெரிய கடை வளாகங்களில் தாத்தா பேசாமல் உட்கார்ந்திருப்பார், நாம் கோபமோ என்று நினைப்போம். சுவர் அவர் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பேசினால் பரவாயில்லை.

பிள்ளைகள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள். பெரியவளுக்கு "இது ஒரு அவுட்டிங்கா?" என்ற அலுப்பு முதலில் இருந்தது. அவளை ஓடவிடாமல் தாத்தாவின் வேகத்துக்கே நடக்கச் சொல்வது நியாயமில்லை. நிழலில் ஒரு இடத்தைப் பிடித்து நாற்காலியைப் போட்டு முகாம் அமைத்துவிடுங்கள். பெரியவர்களோடு ஒருவர், பிள்ளைகளோடு ஒருவர். பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லட்டும். எங்கள் சின்னவனுக்கு இருக்கை தேடும் வேலை. முன்னால் ஓடிப் போய் பெஞ்சு எங்கே என்று பார்த்துவிட்டு வந்து சொல்வான். அந்தப் பதவியில் அவனுக்கு ஏகப் பெருமை.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. முதியவர்களுக்கு வியர்வை குறைவு, சில மாத்திரைகள் அதை இன்னும் குறைக்கும். காலை ஒன்பதுக்குள் திரும்புங்கள், இல்லையென்றால் குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருங்கள். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். "தாத்தா காரிலேயே இருக்கட்டும், ரெண்டு நிமிஷம்" என்பதே வேண்டாம், இன்சுலினையும் காரில் விடவேண்டாம். சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாலோ, தோல் சுட்டுக்கொண்டிருந்தாலோ, அது களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியும் விசிறியுமாகக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மறதி நோய் இருப்பவர் என்றால் மாலை நேரம் வேண்டாம். பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும். புது இடங்களைவிட, பழகிய ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவது அவர்களுக்கு நல்லது. பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. பெரியவர்களின் களைப்பு அன்றைக்குத் தெரியாது, மறுநாள்தான் தெரியும். அதனால் அடுத்தடுத்த நாள்களில் எதையும் வைக்காதீர்கள். நடுவில் பிள்ளைகளை மட்டும் ஒருவர் அழைத்துக்கொண்டு நீச்சலுக்கோ மலையேற்றத்துக்கோ போகட்டும், அதில் குற்ற உணர்ச்சி எதற்கு? எல்லாவற்றுக்கும் எல்லோரும் என்று பிடிவாதம் பிடித்தால் கோடை முடிவதற்குள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டீர்கள்.

கேள்வியில் நீங்கள் உங்களைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. பார்த்துக்கொள்பவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். எந்த வீட்டிலும் இந்தப் பையை அடுக்குவதும், மாத்திரையை எண்ணுவதும், போன் போட்டுப் படி இருக்கிறதா என்று கேட்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கணவரோ, மனைவியோ, கூடப்பிறந்தவர்களோ, யாரிடமாவது ஒரு முழு நாளை ஒப்படைத்துவிட்டு நீங்கள் தனியாக வெளியே போய்வாருங்கள். மாத்திரை நேரங்களையும், மருத்துவர் எண்ணையும், அத்தையிடம் எதை யார் முன்னால் கேட்கக் கூடாது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். என் கணவர் முதல் தடவை அரை மணிக்கு ஒரு முறை போன் செய்தார். இப்போது செய்வதில்லை.