குன்னூரில் மாதக் கட்டணம் இல்லாத சேனல்களுக்கு எந்த செட்டாப் பாக்ஸ் வாங்கலாம்? மழை பெய்தால் படம் நின்றுவிடுகிறது, புது பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா?

மழைக்குப் புது பாக்ஸ் மருந்தாகாது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பாக்ஸ்.

கடையில் 'எம்பெக்-4, டிவிபி-எஸ்2' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய எம்பெக்-2 பாக்ஸில், தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத சேவையான டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களில் ஒரு பகுதி வரவே வராது. டிவியில் ஹெச்டிஎம்ஐ இருந்தால் பாக்ஸிலும் அது இருக்கட்டும். மெனுவில் எல்என்பி (டிஷ்ஷின் முன்கையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவி) அலைவரிசையை நாமே மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கு 9750 வேண்டும். வெறும் 10600 என்று வைத்தால் ஒரு சேனலும் பிடிக்காது. பெரிய தனியார் தமிழ் சேனல்கள் கட்டணச் சேனல்கள். 'எல்லாம் ஃப்ரீயா வரும்' என்று யார் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள்.

இனி மழை. ஃப்ரீ டிஷ், 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து கேயூ பேண்ட் என்ற அலைவரிசைத் தொகுதியில் வருகிறது. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பனிமூட்டத்தின் துளி அதற்கு முன் தூசி மாதிரி, படத்தை ஒன்றும் செய்யாது. கனத்த மழைத்துளிதான் சிக்னலைத் தின்னும். அதனால் கொட்டும் மழையில் மட்டும் படம் நின்றால் டிஷ் போதவில்லை, அல்லது திசை சற்று விலகியிருக்கிறது. வெறும் பனிமூட்டத்திலேயே நின்றால் கனெக்டரில் ஈரம் இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

60 செ.மீ. டிஷ்ஷை 90 ஆக்கினால் சிக்னல் பிடிக்கும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. மலைக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் காற்றுக்கு ஆடாதபடி கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். குன்னூரில் டிஷ் பார்க்க வேண்டியது தென்கிழக்கே, வடக்கிலிருந்து கிழக்காக 123 டிகிரி, தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கி 66 டிகிரி. இவ்வளவு மேல்நோக்கிப் பார்ப்பதால் எதிர்மலை மறைக்காது, பக்கத்து சவுக்கும் யூகலிப்டஸும்தான் மறைக்கும். நம் டிஷ்கள் பெரும்பாலும், எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளியிருக்கும் ஆஃப்செட் வகை என்பதால் முகம் 66 டிகிரிக்கு நிமிர்ந்து தெரியாது. பின்பக்க அளவுகோலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

பலரும் தவறவிடுவது எல்என்பியின் சுழற்சி. வட இந்திய வீடியோக்களைப் பார்த்து அப்படியே வைத்துவிடுகிறார்கள். கணக்குப்படி டில்லியில் சாய்வு 27 டிகிரி, இங்கே ஏறத்தாழ 55. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, இடஞ்சுழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பாக்ஸில் 'ஸ்ட்ரெங்த்' பட்டையைப் பார்க்க வேண்டாம், அது எல்என்பி இணைந்திருந்தாலே ஏறி நிற்கும். 'குவாலிட்டி' உச்சத்துக்கு வரும் இடத்தில் திருகை இறுக்குங்கள்.

கனெக்டரைக் கழற்றும் முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கேபிளில் எல்என்பிக்கான 13 அல்லது 18 வோல்ட் ஓடுகிறது. நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளத்தால் நல்லது. பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து புது கனெக்டர் போடுங்கள். அதைச் சுற்றியுள்ள கம்பி வலையின் ஒற்றை இழைகூட நடுக்கம்பியைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட் ஆகி சிக்னலே இருக்காது. மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண கறுப்பு டேப் இங்கத்திய ஈரத்தில் பிரிந்துவிடும். டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி-6 கேபிள் எல்என்பிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன்பும் அதேபோல் ஒரு வளைவு விடுங்கள்.