உங்கள் லோகோ பில்லில் தெரிகிறதா? – வாசகர் கேள்வி பதில்

சிறுதொழில் செய்யும் வாசகர்கள் லோகோ பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: மசாலாப் பொடி தயாரித்து விற்கிறோம். லோகோவில் உரல், உலக்கை, மஞ்சள் கிழங்கு, சுற்றிலும் நெற்கதிர், நடுவில் கடைப் பெயர், அடியில் தொடங்கிய ஆண்டு எல்லாம் இருக்கின்றன. போனில் பார்த்தால் அழகாக இருக்கிறது. பில்லில் மட்டும் கறுப்புத் திட்டாக விழுகிறது. துணிப்பைக்கு அச்சடிப்பவரும் முடியாது என்கிறார். பிரிண்டர் கோளாறா? – ஈரோடு வாசகர்

பதில்: பிரிண்டரைக் குறை சொல்ல முடியாது. கடைகளில் இருக்கும் சின்ன பில் ரோலின் அகலம் 58 மி.மீ. அதில் அச்சு விழும் பகுதி 48 மி.மீ. மட்டுமே. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் மொத்தம் 384 புள்ளிகள். உங்கள் லோகோவைப் பாதி அகலத்தில் போட்டால் 192 புள்ளிகளுக்குள் உரலும் கதிரும் பெயரும் ஆண்டும் அடங்க வேண்டும். அந்த பிரிண்டருக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்றுதான், சாம்பல் நிறம்கூடக் கிடையாது. மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மெல்ல மாறும் நிறத்தை அது புள்ளிகளாகச் சிதறடித்துவிடும். கதிரின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் திட்டு அதுதான்.

துணிப்பைக்காரர் சொல்வதும் சரியே. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்) வேண்டும். நான்கு நிறம் என்றால் நான்கு முறை அச்சு, ஒவ்வொரு முறையும் நிறம் இடம் தவறாமல் உட்கார வேண்டும். பருத்தித் துணியில் மை பரவும். 1 மி.மீ.க்குக் குறைவான இடைவெளிகள் அடைந்துபோகலாம். பை மஞ்சள் நிறமாக இருந்தால் அதன்மேல் போடும் நீலம் பச்சை சாயலில் தெரியும்.

ஆகவே ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். மஞ்சள் கிழங்கு உங்கள் ஊரில் எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது, அதை வைத்து வாங்குபவர் உங்களை அடையாளம் காண முடியாது. உரலைச் சாய்வான ஓர் உலக்கையோடு கோடில்லாத முழுநிழல் உருவமாக வரைந்தால் போதும். தொடங்கிய ஆண்டு பாக்கெட்டின் பின்பக்கம் போகட்டும்.

புதிதாக வரையும்போது முதலில் கறுப்பில் மட்டும் வரையச் சொல்லுங்கள். நிறம் வந்துவிட்டால் பலவீனமான உருவமும் நல்லதாகத் தோன்றும். வரைந்ததை ஒரு ஏ4 தாளில் 10, 15, 25, 60 மி.மீ. அகலங்களில் அச்செடுத்துக் கைநீட்டிப் பிடித்துப் பாருங்கள். 10 மி.மீ. அளவில் இன்ன உருவம் என்று தெரியாவிட்டால் இன்னும் எதையோ எடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்து அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் பிழைக்கும் லோகோ பில், ரப்பர் ஸ்டாம்ப், அட்டைப்பெட்டி என எங்கும் பிழைக்கும்.

வாட்ஸ்அப் புரொஃபைல் படம் வட்டமாக வெட்டப்படும். வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தின் பக்கம், விட்டத்தில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பெயரை நீளமாக எழுதிய லோகோவை அதில் திணிக்காமல் உரல் உருவத்தை மட்டும் போடுங்கள். பெயரோடு சேர்ந்த ஒரு வடிவம், உருவம் மட்டும் கொண்ட ஒரு வடிவம் என இரண்டும் ஆரம்பத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால் "ஜேபெக் வேண்டாம், உடைந்துவிடும், கோரல் ஃபைல் கொண்டுவாங்க" என்கிறார்கள். டிசைனர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் மட்டுமே அனுப்பினார். அவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்? – திண்டுக்கல் வாசகி

பதில்: ஜேபெக் என்பது புள்ளிகளால் ஆன படம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது மேலும் சுருங்கும். அதை 10 அடி போர்டுக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு போலாகிவிடும். கோரல் ஃபைல் போன்ற வெக்டர் கோப்பு கோடுகளின் கணக்கை வைத்திருப்பது. விரல்நகம் அளவிலும் மாடி அளவிலும் ஒரே துல்லியம்.

கேட்டு வாங்க வேண்டியவை: வரைந்த மூலக் கோப்பு (கோரல் டிரா அல்லது இல்லஸ்ட்ரேட்டர்), பிடிஎஃப், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி குறைந்தது 2000 பிக்சல் அகலத்தில், முழுக் கறுப்பு வடிவம் ஒன்று, அடர்நிறப் பின்னணிக்கான வெள்ளை வடிவம் ஒன்று, நிறங்களின் எண்கள். எல்லாவற்றையும் மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாகவோ அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்துகளை 'கர்வ்' ஆக மாற்றித் தரச் சொல்வது மிக முக்கியம். டிடிபி சென்டர்களில் இன்னமும் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் புழங்குகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் உங்கள் கடைப் பெயர் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். கோரலில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + க்யூ அழுத்தினால் எழுத்து வெறும் வடிவமாகிவிடும், பிறகு எந்த எழுத்துருவும் தேவையில்லை. மாற்றாத பிரதி ஒன்றையும் வைத்திருங்கள், பின்னால் திருத்த உதவும்.

டிசைனரை இனிப் பிடிக்க முடியாது என்றால், ஜேபெக்கை அடியில் வைத்துக் கையால் மறுபடி வரையச் சொல்லுங்கள். தானாக 'டிரேஸ்' செய்யும் வசதி நேர்க்கோட்டையும் அலைபோல ஆக்கி, தேவையில்லாத முனைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்துவிடும். ஸ்டிக்கர் வெட்டும் கருவி அந்த ஒவ்வொரு முனையிலும் தடுமாறும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உரிமை. பணம் கொடுத்ததால் மட்டும் லோகோவின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத டிசைனர் வரைந்தால், அவர் எழுத்துமூலம் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். "உரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதி வாங்குங்கள். ஒரு பக்கத் தாள் போதும்.

கேள்வி: டிபன் கடை தொடங்குகிறோம். தமிழில் எழுதினால் நவீனமாக இருக்காது, ஆங்கிலத்தில் போடுங்கள் என்கிறார் டிசைனர். சரியா? – மதுரை வாசகர்

பதில்: சரியில்லை. தமிழ் எழுத்து பழையதாகத் தெரிவதற்குக் காரணம், எல்லாரும் கணினியோடு வந்த அதே எழுத்துருவை இழுத்துப் பட்டையடித்து, நிழல் போட்டு எழுதுவதுதான். கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க, தொழிலுக்கும் அனுமதி உள்ள எழுத்துருக்கள் இன்று பல இருக்கின்றன: முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, பவனம். ஒன்றை அடிப்படையாக வைத்து, பெயரில் உள்ள ஓர் எழுத்தை மட்டும் உங்களுக்கென்று மாற்றி வரைந்தாலே தனித்துவம் வந்துவிடும். ழகரத்தின் வாலோ ணகரத்தின் சுழியோ அதற்கு நல்ல இடம். பெயரில் இருக்கும் எல்லா எழுத்தையும் வளைக்கப் போனால் படிக்க முடியாமல் போகும்.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. ண, ணை, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் தடித்த எழுத்தில், சிறிய அளவில் அடைந்துவிடும். ஆகவே மிகத் தடித்த வகையை விட்டு அதற்கு ஒரு படி கீழே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். புள்ளி விழாத 'கல்' தூரத்தில் 'கல' ஆகிவிடும். மேல்விலங்கு மேலேயும் கீழ்விலங்கு கீழேயும் நீள்வதால், ஆங்கிலப் பெயருக்குச் செய்த சட்டத்துக்குள் தமிழ்ப் பெயரை வைத்தால் நெரிசலாகும். இரண்டு மொழியும் அருகருகே வரும்போது உயரத்தைச் சமமாக்குவதைவிடக் கோட்டின் தடிமனைச் சமமாக்குங்கள், கண்ணுக்கு ஒரே குடும்பமாகத் தெரியும்.

எல்இடி எழுத்துப் பலகை செய்வதாக இருந்தால், உள்ளே விளக்குத் துண்டுகள் உட்கார எழுத்தின் கோட்டுக்குப் போதிய அகலம் வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு, அதற்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும். விலை பேசும்போதே புள்ளிகளை எண்ணிச் சொல்லிவிடுங்கள். எழுத்து உயரத்துக்கு 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. தமிழுக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது நல்லது. சாலையின் எதிர்ப்புறம் 40 அடி என்றால் 6 அங்குலம்.

போட்டோஷாப்பில் 'பொ' எழுதினால் கொம்பு இடம் மாறி விழுகிறதா என்று பாருங்கள். பழைய பதிப்புகளில், அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அப்படித்தான் விழும். அச்சுக்கு முன்பு தமிழ் நன்கு தெரிந்த ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கட்டும்.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எப்படியும் பலகையில் தமிழே பெரிதாக வரப்போகிறது. அதை லோகோவாகவே அழகாகச் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: எங்கள் பச்சை நிறம் போனில் பளிச்சென்றும், விசிட்டிங் கார்டில் மங்கலாகவும் இருக்கிறது. ஏன்? – திருப்பூர் வாசகர்

பதில்: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளைக் கலந்து காட்டுகிறது. ஒளிரும் பச்சை அந்தக் கலவைக்குள் கிடைக்காது. லோகோ நிறத்தை அச்சுக் கலவை எண்ணில் (நான்கு மைகளும் எத்தனை சதவீதம் என்பது) முதலில் முடிவு செய்து, அதற்கு ஒத்ததைத் திரைக்கு எடுங்கள். மினுமினுப்பான தாளில் ஒருமுறையும் மங்கலான தாளில் ஒருமுறையும் மாதிரி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மருந்துக்கடைக்குச் சிவப்பு பிளஸ் குறி வைக்கலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: கூடாது. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவை இயக்கத்தின் சின்னம். அனுமதியின்றிப் பயன்படுத்துவதை 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் தடுக்கிறது. அசோகர் சிங்க முத்திரையையும் அவ்வாறே தொடக் கூடாது. மருந்துக் கல்வம், இலை, மாத்திரை வடிவம் என்று எத்தனையோ வழி இருக்கிறது.

கேள்வி: லோகோவை டிரேட்மார்க் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் வடிவத்தைப் பதியலாமா? – கோவை வாசகர்

பதில்: தனிநபர், சிறுதொழில், ஸ்டார்ட்அப் என்றால் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவையின் வகை) அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. படிவம் டிஎம்-ஏ. மொத்தம் 45 வகுப்புகள்: மசாலா 30, ஆடை 25, உணவகம் 43. தவறான வகுப்பில் போட்டால் கட்டணம் வீண். விண்ணப்பிக்கும் முன்பு டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் அதே வகுப்பில் ஒத்த பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒலிப்பில் ஒத்திருந்தாலும் சிக்கல்தான்.

லோகோவைக் கறுப்பு வெள்ளையில் விண்ணப்பியுங்கள். நிற வரம்பு இல்லாமல் பதிவானது எல்லா நிறத்துக்கும் செல்லும். கையில் பணமிருந்தால் பெயரைத் தனியாகவும் உருவத்தைத் தனியாகவும் பதியுங்கள், பின்னாளில் உருவத்தை மாற்றினாலும் பெயரின் பதிவு நிற்கும். டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகி 4 மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும், 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவாகும் வரை டிஎம் குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவுச் சான்று வந்த பிறகுதான், முன்பே போட்டால் சட்டப்படி தவறு.

ரெடிமேட் வடிவம் உங்களுக்குக் கிடைத்ததுபோல் வேறு எவருக்கும் கிடைக்கும். அது உங்களுடையது மட்டும் என்று எப்படி உரிமை கோர முடியும்? அத்தகைய தளங்களின் நிபந்தனைகளிலேயே இதற்குத் தடை இருப்பதுண்டு, படித்துப் பாருங்கள். அதை மாதிரியாக டிசைனரிடம் காட்டி, உங்கள் பெயரின் எழுத்திலிருந்தே புதிதாக ஒன்றை வரையச் சொல்லுங்கள்.