லாக்கரில் இல்லாத நகை

அன்புள்ள ஐயா,

எனக்கு 56 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இன்னும் இரண்டு வருடம்தான் வேலை. 42 வயதில் 10 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடத் தவணை, 9 சதவீத வட்டி. 14 வருடம் கட்டியும் பாதிக் கடன் அப்படியே நிற்கிறது. வங்கி ஏமாற்றுகிறதோ என்றுகூடத் தோன்றுகிறது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தனிநபர் கடனில் 4 லட்சம் பாக்கி. கிரெடிட் கார்டில் 80 ஆயிரம், மினிமம் மட்டும் கட்டுகிறேன். மனைவியின் 11 பவுன் அடகில் இருக்கிறது, வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறேன் (லாக்கரில் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்).

போன வருடம் ஒரு வேகத்தில் சிக்கனமாக இருந்து கட்டினேன். ஆறு மாதத்தில் அந்த வேகம் போய்விட்டது. கூடப் படித்தவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பிவிட்டார்கள். இந்த வயதில் ஊக்கம் குறையாமல் கடனைக் கட்டி முடிக்க என்ன வழி? நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்கள். பிஎஃப் பணத்தை எடுத்துக் கட்டிவிடலாமா?

ரா.

*

அன்புள்ள ரா.,

பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். 58க்குப் பிறகு உங்கள் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். காசிக்குப் போனவர்களை விடுங்கள், அவர்கள் எந்தக் கடனில் போனார்கள் என்பது நமக்குத் தெரியாது.

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. 10 லட்சத்துக்கு 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 9,000 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 வட்டிக்கே போயிருக்கும். அசலில் கழிந்தது 1,500கூட இல்லை. அசல் பாதியாகக் குறைவதற்கே 14 வருடம் ஆகும். நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்த இடத்தில். இனி அதே 9,000த்தில் வட்டிக்கு 3,750தான், மீதி 5,000 சொச்சமும் அசலில் போய் விழும். ஆறே வருடத்தில் முடிந்துவிடும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் நீங்கள், ஊரார் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் கணக்கை மட்டும் பயந்து பார்க்காமலே விட்டிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் வங்கியில் கேளுங்கள். 2022, 23இல் வட்டி ஏறியபோது பல வங்கிகள் தவணைத் தொகையைக் கூட்டாமல் காலத்தை நீட்டின. உங்களுக்கும் நீட்டியிருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இதெல்லாம் எளிய பகுதி. அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

ஊக்கம் போய்விட்டது என்கிறீர்கள். வீட்டில் ஒரு பொய்யைக் காவல் காத்துக்கொண்டு எந்த மனிதனுக்கு ஊக்கம் நிற்கும்? விசேஷ வீட்டுக்குக் கிளம்பும்போது "அந்த ஆரத்தை எடுத்துட்டு வாங்க" என்று உங்கள் மனைவி சொல்லிவிடக் கூடாதே என்று நீங்கள் பயப்படாத முகூர்த்த நாள் உண்டா? மாதம் முழுக்க உங்கள் சக்தி இதில் கரைகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு கடன் கட்டப் பார்க்கிறீர்கள்.

என் சித்தப்பாவுக்கு விருதுநகரில் கமிஷன் மண்டி இருந்தது. மல்லியும் மிளகாய் வத்தலும். எண்பதுகளின் கடைசியில், வெளியூரில் சரக்கு எடுத்த ஒருவர் கைவிரித்ததில் மண்டி படுத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கடையில் கணக்கு எழுதப் போனார். காலையில் வேலைக்குப் போக நேர்வழி இருந்தும் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போவார். நேர்வழியில் பால்காரர் வீடும் மளிகைக் கடையும் இருந்தன.

சித்தி எட்டாவது வரை படித்தவர். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோதுகூட அந்த நாட்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சித்தி ஒரு நாற்பது பக்க நோட்டைச் சித்தப்பாவின் முன் வைத்து, யார் யாருக்கு எவ்வளவு, ஒன்று விடாமல் எழுதுங்கள் என்றிருக்கிறார். சித்தப்பா எழுதினார். சித்தி படித்துப் பார்த்துவிட்டு, எங்க அண்ணன்கிட்ட வாங்கின கைமாத்து எங்கே என்று கேட்டார். சித்திக்கு அது தெரியாது என்று அதுவரை சித்தப்பா நினைத்திருந்தார். அதையும் எழுதினார்.

பிறகு எதை முதலில் கட்டுவது என்பதில் பெரிய சண்டை. வட்டி அதிகமான கடனை முதலில் அடைக்க வேண்டும் என்றார் சித்தப்பா. மண்டிக்காரர், அவர் கணக்கு சரிதான். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "வட்டிக்காரன் வட்டிக்காகக் காத்திருப்பான். பால்காரர் எதுக்காகக் காத்திருக்கார்?" என்றார். பால் பாக்கிதான் முதலில் போயிற்று, அடுத்தது மளிகை. சித்தப்பா மறுபடி நேர்வழியில் நடந்து வேலைக்குப் போக ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த ஓவர்டைம் பணத்துக்குக் காரணம் அந்தத் தெருதான் என்று சித்தி இன்றைக்கும் சொல்கிறார்.

பிராமிசரி நோட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய கடன்கள் கடைசியில் முடிந்தன. ஒவ்வொன்று முடியும்போதும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வர வேண்டும் என்பது சித்தியின் கட்டளை. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக ஓடும் சித்தப்பாவின் கையெழுத்தைச் சித்தி விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம் ஸ்டாம்பு இரண்டாகும்படி கிழிப்பார். ஊக்கம் என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்த வீட்டில் அது இப்படித்தான் வந்தது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையையும் உங்கள் ஒருவர் கண்தான் பார்க்கிறது.

புத்தகத்துக்குப் பதிலாக ஓர் அமெரிக்க எழுத்தாளரைச் சொல்கிறேன். மார்க் ட்வைனின் பதிப்பகம் 1894இல் திவாலானபோது அவருக்கு 58 வயது. அச்சுக் கோக்கும் இயந்திரம் ஒன்றில் கொட்டிய பெரும்பணமும் போயிருந்தது. முழுக் கடனையும் திருப்பித்தர வேண்டிய சட்டக் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் ஒரு காசு குறையாமல் கொடுத்துவிட வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அவர் மனைவி ஒலிவியா. அடுத்த வருடம் ட்வைன் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றக் கிளம்பினார். 1896 ஜனவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வந்தார். மனைவியும் ஒரு மகளும் கூடவே வந்தார்கள். வரவு செலவைப் பார்த்துக்கொண்டவர் நண்பர் ஹென்றி ரோஜர்ஸ். 1898இல் கடன் முடிந்தது. பேசிச் சம்பாதித்தவர் ட்வைன், ஆனால் கணக்கு அவர் ஒருவர் தலையில் இல்லை.

உங்கள் மனைவியைப் பாதுகாக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் உங்களால் அந்த வட்டியைக் கட்ட முடியாமல் போனால் ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் வீட்டுக்குத்தான் வரும். பகலில் வீட்டில் இருப்பது யார்? தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, தன் நகை ஏலத்துக்குப் போகிறது என்று அவர் அந்தத் தாளில் படிக்க வேண்டுமா? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எந்தக் கடையில் நகை இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அது அவர் நகை, ரா. அவர் வீட்டில் போட்டு அனுப்பியது. கேட்காமல் எடுத்தது தப்பு. லாக்கரில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய தப்பு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொன்று. தங்கம் இன்று விற்கும் விலையில், 11 பவுனில் சிலதை விற்றாலே கார்டு கடனும் அடகும் சேர்ந்து முடிந்துவிடக்கூடும். மினிமம் மட்டும் கட்டும் கார்டில் வட்டி பெரும்பாலும் வருடத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், முதலில் ஒழிய வேண்டியது அதுதான். ஆனால் விற்கலாமா, எதை விற்பது, எதைத் தொடவே கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை உள்ளவர் ஒருவர்தான். அவரிடம்தான் நீங்கள் வாய் திறக்கவில்லை.

அவர் அழலாம். பத்து நாள் பேசாமல் இருக்கலாம். அதை நீங்கள் தாங்கித்தான் ஆக வேண்டும். கல்யாணம் ஆகிப்போன மகளையோ மச்சானையோ தூதுக்கு அனுப்பாதீர்கள். அடகுச் சீட்டு, கார்டு ஸ்டேட்மென்ட், கடன் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக் கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் வங்கி பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிந்து, கடன் தீர்ந்தது என்பது வில்லங்கச் சான்றில் ஏறும் வரை விடாதீர்கள். அந்த வேலைக்கெல்லாம் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவர் என்னென்ன கேள்வி கேட்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.