மகனுக்கு ஒரு சோப்புக் கட்டி வாங்கிக் கொடுங்கள்

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முதலாண்டு படிக்கிறான். கணினியில் நன்றாக வரைகிறான். ஆனால் முன், மேல், பக்கத் தோற்றங்களைத் தாளில் கொடுத்தால், அது என்ன பொருள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நான் கப்பல் பட்டறையில் 30 வருடம் வரைபடம் பார்த்தே வேலை செய்தவன். இந்தத் தலைமுறைக்கே இந்தத் திறன் குறைந்துவிட்டதா? அவன் வேறு படிப்புக்கு மாறலாமா? - ஜூரோங் வாசகர்

பதில்: மாற வேண்டாம் ஐயா. இது பழகினால் வரக்கூடிய திறன்.

தலைமுறைக் கேள்வி நியாயமானதுதான். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் 1977 முதல் 2014 வரை நடந்த, பொருளின் வடிவத்தை மனத்தில் காணும் திறனுக்கான தேர்வுகளைப் பீட்ஷ்னிக், கிட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மதிப்பெண் முதலில் ஏறி, தொண்ணூறுகளுக்குப் பிறகு இறங்கியிருந்தது. ஆனால் அது நம் ஊர்க் கணக்கு இல்லை. அதை வைத்து உங்கள் பிள்ளையை எடைபோடாதீர்கள்.

நீங்கள் டீ-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோலைப் பிடித்து ஒரு கோடு போடுவதற்கு முன்பே, பொருளை மனத்துக்குள் நாலு தடவை திருப்பியிருப்பீர்கள். இப்போது மவுஸை அசைத்தால் கணினியே திருப்பிக் காட்டிவிடுகிறது. மனத்துக்கு அங்கே வேலை குறைவு. என் பார்வையில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர் 1993இல் இதற்கென்றே ஒரு வகுப்பைத் தொடங்கினார். பொருளை மனத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லும் 30 கேள்விகள் கொண்ட தேர்வில் பின்தங்கிய மாணவர்கள் அதில் சேர்ந்து, கட்டைகளை அடுக்கி, கையால் வரைந்து பழகினார்கள். மதிப்பெண் தெளிவாகக் கூடியது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு சோப்புக் கட்டி வாங்குங்கள். அதன் ஒரு மூலையைச் சாய்வாகச் சீவினால் எப்படித் தெரியும் என்று, வெட்டுவதற்கு முன்பே மூன்று தோற்றங்களையும் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். அப்புறம் வெட்டட்டும். வெட்டிய மூலை இருக்கும் பக்கங்களிலிருந்து பார்த்தால், மூன்றிலும் முக்கோணம்தான் தெரியும். ஆனால் அந்த மூன்றில் எதுவுமே வெட்டிய முகத்தின் உண்மையான அளவு இல்லை. கையில் இருக்கும் சோப்பின் வெட்டுமுகம்தான் அவற்றைவிடப் பெரிது. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் சாய்தளம் என்பது பயமுறுத்தாது.

தினமும் 15 நிமிடம் போதும். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள், உங்கள் 30 வருட அனுபவம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. முதல் வாரம் தப்பாகத்தான் வரும். விடையைச் சொல்லிவிடாதீர்கள். தப்பாக வரைந்த கோட்டையும் அழிக்க விடாதீர்கள். சோப்பைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, எந்த விளிம்பை விட்டுவிட்டான் என்று அவனே தேடட்டும்.