பெத்தனிகால் மாத்திரை எதுக்கு குடுக்கறாங்க?

ஆபரேஷன் முடிஞ்சோ பிரசவம் ஆகியோ சிலருக்கு மூத்திரப்பை நிறைஞ்சிருக்கும், ஆனா ஒண்ணுக்கு வராது, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கும். பை நிறைய இருந்தும் அதைச் சுருக்கி வெளிய தள்ளற தசை வேலை செய்யாம கிடக்கறதுதான் காரணம்னா, அந்த தசையை எழுப்பி விடற மருந்துதான் பெத்தனிகால்.

நம்ம நரம்பு, தசையை சுருங்கச் சொல்ல அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனத்தை விடும், ஆனா அதை உடம்புல இருக்கற ஒரு நொதி உடனே உடைச்சிடும். பெத்தனிகால் அதே மாதிரி வேலை செய்யும், ஆனா அந்த நொதியால உடைக்க முடியாது, அதனால கொஞ்ச நேரம் நின்னு தசையை சுருங்க வைக்கும். இதே சிக்னல்தான் குடலுக்கும், எச்சில், வேர்வை சுரப்பிக்கும் போகுது, அதான் வயித்தைப் பிடிச்சு இழுக்கறது, வேர்க்கறது எல்லாம் வருது. வெறும் வயித்துல, அதாவது சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னாடியோ 2 மணி நேரம் கழிச்சோ போடச் சொல்றதும் குமட்டல் வராம இருக்கத்தான்.

ஷாம்பு பாட்டிலை நினைச்சுக்கோங்க. அமுக்கற கைக்கு பலம் குடுக்கறதுதான் இந்த மருந்து. மூடியே அடைச்சிருந்தா எவ்வளவு அமுக்கினாலும் பாட்டில்தான் கெடும், அதனால வழியில அடைப்பு இருக்கறவங்களுக்கு இது தரக்கூடாது. ஆஸ்துமா, வயித்துப்புண் இருந்தா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

நிறைய பேர் இதை நீர் பிரியற மாத்திரைன்னு நினைக்கறாங்க, அது கிட்னியில மூத்திரத்தை அதிகமா உண்டாக்கும், இது ஏற்கனவே பையில தேங்கினதை வெளிய தள்ள மட்டும்தான்.